ஆப்பிள்களுக்கு வாராவாரம் குளியல்

இனி உயிரே போனாலும் மருந்து தெளிக்கும் தொட்டியை முதுகில் ஏற்றுவதில்லை என்று முதலாளி சபதம் எடுத்தார். சத்தமாகவே எடுத்தார். மனைவி அடுப்படியில் இருந்ததால் வந்த துணிச்சல் அது.

அந்த ஆப்பிள் தோட்டத்தில் வேலை பார்ப்பவர்கள் மொத்தம் இரண்டே பேர். ஒருவர் அவர். இன்னொருவர் அவர் மனைவி. அவரை முதலாளி என்று கூப்பிடுவதும் அவள் ஒருத்திதான். அதுவும் கோபம் வந்தால் மட்டும்.

"முதலாளி! போன வருஷம் குளிர்கிடங்குலேர்ந்து பழம் எந்த லட்சணத்துல வந்துச்சுன்னு மறந்து போச்சா?"

மறக்கக்கூடிய லட்சணமா அது? பறிக்கும்போது வழவழவென்று இருந்த பழங்கள், கிடங்கில் சில வாரம் தூங்கி எழுந்ததும் தோலெல்லாம் பழுப்புக் குழிகளோடு வந்து நின்றன. கடித்தால் ஒரே கசப்பு. வாங்க வந்த வியாபாரி கடித்த வாயோடு ஓடியே போனார்.

"பழத்துக்குக் கால்சியம் பத்தலைங்க. வேர்ல போட்டா இலையே முக்கால்வாசி தின்னுடுது. கரைச்சுப் பழத்து மேலயே அடிக்கணும், வாராவாரம்."

"அதெல்லாம் மருந்து விக்கறவன் கட்டிவிட்ட கதை! உரத்தைக் கொட்டினா போதும்."

"உரத்தைக் கொட்டினா பழம் பெருக்கும். குழியும் பெருக்கும்."

முதலாளிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"சரி, தோட்டத்துல பாதி எனக்கு, பாதி உனக்கு. நீ அடி. நான் அடிக்காமலே குழியில்லாத பழம் கொண்டாரேன். கொண்டாந்துட்டா ஆயுசுக்கும் தொட்டி தூக்க மாட்டேன்!"

"குழி விழுந்தா?"

"ரெண்டு பாதிக்கும் நானே தூக்கறேன்!"

அவள் தலையாட்டிவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள். மனைவி தலையாட்டிவிட்டால் தாம் ஜெயித்துவிட்டதாக நினைக்கும் அப்பாவிக் கணவர்களில் அவரும் ஒருவர்.

அவர் தம் பாதியில் உரத்தைக் கொட்டினார். காய் திரண்டது. ஒருநாள் அவள் அவர் பக்கத்து மரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினாள்.

"நல்ல பழந்தான். ஆனா ரோட்டுப் புழுதி அப்பிக் கெடக்கே! வெயில் பட்டாத்தானே சிவக்கும்? என் பழத்தைப் பாருங்க."

பார்த்தார். வயிறு எரிந்தது.

"கழுவினா போச்சு!"

"ஐயையோ, இத்தனை மரத்தையா? உங்களால ஆகுமா?"

போதாதா? மறுநாளே தொட்டி முதுகில் ஏறிவிட்டது. சபதம் மருந்துக்குத்தான், தண்ணீருக்கு இல்லை என்று மனசாட்சியைச் சமாதானப்படுத்தினார். மனைவியும் பெரிய மனதுடன் டிரம்மில் தண்ணீர் நிரப்பிவைக்கச் சம்மதித்தாள். வாரம் தவறாமல், கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல ஒவ்வொரு பழத்தையும் நனைத்தார். ஒருமுறை துளி உதட்டில் தெறித்தது.

"ஏம்மா, தண்ணி உப்புக் கரிக்குதே?"

"வேர்வையா இருக்கும். மாடா உழைச்சா கரிக்காதா?"

இவளுக்குத்தான் தன் மேல் எத்தனை கரிசனம் என்று நினைத்து, இன்னும் இரண்டு மரத்தைச் சேர்த்துக் குளிப்பாட்டினார்.

பழம் பறித்தாயிற்று. கிடங்கிலும் அடுக்கியாயிற்று. திறக்கும் நாளன்று அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். கிடங்குக்காரர் அவருடைய பெட்டியைப் பிரித்து, பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, குறுக்கே வெட்டினார்.

ஒரு குழி இல்லை. அடுத்த பழத்திலும் இல்லை. பெட்டி முழுக்க இல்லை!

"அண்ணே, இவ்வளவு உரம் போட்ட பழம் இந்நேரம் அம்மை போட்டிருக்கணுமே. என்ன மருந்து?" என்றார் கிடங்குக்காரர்.

முதலாளி காலிப் பெட்டி ஒன்றின் மேல் ஏறி நின்றார்.

"மருந்தா? ஒரு சொட்டு கெடையாது! வாராவாரம் வெறும் பச்சைத் தண்ணியில குளிப்பாட்டினேன். நானே கண்டுபிடிச்சது! அடுத்த வருஷம் தோட்டம் பூரா இதே குளியல்தான். இது என் வாக்கு!"

கைதட்டல் காதைப் பிளந்தது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவள் மனைவிதான். அவர் ராஜா மாதிரி கீழே இறங்கிவந்ததும், அவள் காதோரம் குனிந்தாள்.

"ஒத்துக்கறேங்க, நீங்கதான் ஜெயிச்சீங்க. அடுத்த வருஷம் என் பாதியையும் சேர்த்துக் குளிப்பாட்டிடுங்க. டிரம்முல கால்சியத்தை எப்பவும்போல நானே கரைச்சு வச்சிடறேன்."