எந்த மொழியில் எழுதலாம் என்பவர்

கணினியோடு பிழைப்பவர்களுக்குள் ஓர் இனம் உண்டு. வேலையைக் கொடுத்தால் வேலையைப் பார்க்காது. அதை எந்தக் கணினி மொழியில் பார்க்கலாம் என்று பார்க்கும். நீங்களும் சந்தித்திருப்பீர்கள். நான் சந்தித்தவர் ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கும் ஹரிஹரசுதன்.

காபி வந்ததும் தொடங்கிவிடுவார். எழுத்துகளை வெட்டி ஒட்டுவதில் பெர்ல் என்ற மொழி கெட்டியாம்; ஐகான் அதைவிட அழகாம்; ஆனால் அறுபது வருஷத்துக்கு முந்தைய ஸ்னோபால் இருக்கிறதே, அதில் எழுதிய நிரல் ஓடும்போதே தனக்குப் புது வரிகளை எழுதிச் சேர்த்துக்கொள்ளுமாம், லிஸ்ப்பும் அப்படித்தானாம், ஆனால் அடைப்புக்குறிகள் அதிகமாம் என்று, காபி ஆறி ஆடை படியும் வரை.

"தன்னைத் தானே திருத்திக்கிற நிரல், சார்! மனுஷனாலயே முடியாதது!"

அவர் அலுவலகத்தில் வரவேற்பு மேசையில் இருப்பவர் ஷரீபா. ரத்ததானக் குழு ஒன்றையும் நடத்துகிறார். நோட்டுப் புத்தகத்திலிருந்த ஆயிரத்து இருநூறு கொடையாளர்களைப் பலர் பலவிதமாகக் கணினியில் ஏற்றியிருந்தார்கள். பி நெகட்டிவ் என்ற ரத்தப் பிரிவை மட்டுமே ஏழு விதமாக எழுதியிருந்தார்கள்.

"எல்லாத்தையும் ஒரே மாதிரி ஆக்கித் தர முடியுங்களா, சார்?"

"ரெண்டு நாள் குடுங்கக்கா."

இரண்டு நாளில் என்ன வந்தது? ஒப்பீட்டு அட்டவணை. பதினொரு மொழிகள். மூன்றாவது வாரம் ஷரீபா கேட்டபோது, "அஸ்திவாரம் முக்கியங்கக்கா" என்றார். ஐந்தாவது வாரம் ஸ்னோபால் வென்றது. வேறு எது வெல்லும்? புதுவிதமான எழுத்தைக் கண்டால் தனக்கே ஒரு விதி எழுதிக்கொள்ளும் நிரலைப் படைத்து ஓடவிட்டார். அது திருத்தியது; திருத்தியதையும் திருத்தியது.

வெள்ளிக்கிழமை காலை ஷரீபா அவர் மேசைக்கு ஓடிவந்தார். காட்டூர்ப் பெண் பொன்னுத்தாய்க்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. பி நெகட்டிவ் கொடுக்க உடனே இரண்டு பேர் வேண்டும்.

ஹரிஹரசுதன் பட்டியலைத் திறந்தார். ஆயிரத்து இருநூறு பேருக்கும் 'பி'. பாசிட்டிவ், நெகட்டிவ் எல்லாம் வேண்டாத வால் என்று நிரல் தானே முடிவெடுத்து நறுக்கியிருந்தது. ஏ, ஓ என்பவற்றையும் எழுத்துப்பிழை என்று திருத்தியிருந்தது.

"ஊருக்கே ஒரே ரத்தமா, சார்?" என்றார் ஷரீபா. குரலில் கோபமில்லை. அதுதான் சுட்டது.

ஷரீபா தன் நோட்டை விரித்து, விரலை ஓட்டித் தேடி, ஒவ்வொருவராகப் போன் செய்தார். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையிலிருந்து மருதை என்பவர் உடனே கிளம்பிவிட்டார். அடுத்தவர் துபாயில். அதற்கடுத்தவர் போனை எடுக்கவில்லை.

"உங்க குரூப் என்ன, சார்?"

ஹரிஹரசுதன் டிரைவிங் லைசென்ஸை எடுத்துப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"பி நெகட்டிவ்தாங்கக்கா… ஆனா எனக்கு ஊசின்னா…"

"வண்டிய எடுங்க."

ஆஸ்பத்திரியில் ஊசி ஏறும்போது கண்களை இறுக மூடிக்கொண்டார். பயம் தெளியட்டும் என்று நர்ஸ் பேச்சுக் கொடுக்க, லிஸ்ப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாராம்.

பொன்னுத்தாய் பிழைத்தாள், பெண் குழந்தை. மாலையில் அவள் கணவன் முருகானந்தம் வந்து ஹரிஹரசுதனின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, பேச்சு வராமல் நின்றான். ஹரிஹரசுதனுக்கும் பேச்சு வரவில்லை. நானறிந்து முதல் தடவை.

திங்கட்கிழமை ஷரீபா நோட்டைப் பார்த்து வாசிக்க, அவர் தட்டச்சு செய்ய, ஒரே பகலில் பட்டியல் முடிந்தது. எந்த மொழியில் என்கிறீர்களா? தமிழில்தான்.

சிரிக்கிறீர்கள். நல்லது. நாளை முதல் நடைப்பயிற்சி என்று போன வருஷம் சொன்னீர்களே, இதுவரை எத்தனை ஷூக்களை ஒப்பிட்டிருக்கிறீர்கள்?