பச்சை கேட் வீட்டுச் சொந்தம்

"மூவாயிரமா? ரூமுக்கா, கட்டடத்துக்கா?" என்று கேட்டார் மீட்டர்காரர்.

லாட்ஜ் குமாஸ்தா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அட்மிஷன் சீசன் சார். சாயங்காலம் வந்தா அதுவும் இருக்காது."

மின்சார அலுவலகத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் படிப்பது அவர் வேலை. ஊரார் பில்லைச் சலிக்காமல் எழுதுகிற அந்தக் கை, தன் பில் என்றால் மட்டும் நடுங்கும். மறுநாள் காலை மகளுக்குக் கல்லூரியில் நேர்முகத் தேர்வு; சட்டை உள்பையில் அவளுடைய கட்டணம் அளவாக இருந்தது. அதில் கை வைத்தால் மனைவியின் அண்ணனிடம் போய்த்தான் நிற்க வேண்டும். "உன் அண்ணன் காசு எனக்குத் தூசு" என்று போன மாதம்தான் மொத்தக் குடும்பத்தின் முன்னால் முழங்கியிருந்தார்.

பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் இரண்டு விலை எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். மாணவர் சாப்பாடு ஒரு விலை, பெற்றோர் சாப்பாடு அதைப்போல இரண்டு மடங்கு.

"ரெண்டுக்கும் என்னய்யா வித்தியாசம்?"

"சாப்பாடு ஒண்ணுதான் சார். பெற்றோர்கிட்ட காசு இருக்கும்," என்றான் பரிமாறுகிறவன்.

அந்த ஊரில் பிள்ளைகளுக்குப் பாடம் கல்லூரிக்குள்ளே. பெற்றோருக்கு அது பஸ்ஸை விட்டு இறங்கியதுமே தொடங்கிவிடும். மீட்டர்காரரோ எந்தப் பாடத்தையும் லேசில் படிக்கிற ஆள் இல்லை.

"எதுக்கு லாட்ஜு? என் பெரியக்கா வீட்டுக்காரரோட சித்தப்பா மகன், பேங்க் காசாளர், இந்த ஊர்லதான் இருக்காரு. தண்ணித் தொட்டிக்கு எதிர்ல, பச்சை கேட்."

"அவரைக் கடைசியா எப்பங்க பார்த்தீங்க?" என்றாள் மனைவி.

"ஒரு கல்யாணத்துல. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தாரு."

பச்சை கேட்டைத் திறந்தது ஒரு பருத்த பெண்மணி. வந்தவர்களின் முகத்தைவிடப் பைகளைத்தான் அவள் உற்றுப் பார்த்தாள்.

"அக்கா, என்னைத் தெரியலையா?"

"அட, தம்பியா! என்ன இப்படி இளைச்சுட்டீங்க! வாங்க, வாங்க. வீட்டுக்காரர்தான் வெளியூர் போயிருக்காரு, காலையில வந்துடுவாரு."

தொப்பை மீது சட்டைப் பொத்தான் தெறிக்கக் காத்திருந்தது. ஆனாலும் இளைத்துவிட்டோம் என்பதை மீட்டர்காரர் நம்பினார். லாட்ஜ்காரன் மூஞ்சியில் கரி பூசியாகிவிட்டது என்று அவர் மனம் துள்ளியது.

சொந்தக்காரர் வீட்டுக்கு வெறுங்கையோடு வந்தது உறுத்தவே, தெருமுனைக்கு ஓடிப்போய்ப் பழம் வாங்கி வந்தார். வந்து பார்த்தால் கூடத்தில் ஒரு வழுக்கைத்தலையர், தன் மகனோடும் இனிப்புப் பெட்டியோடும் உட்கார்ந்திருந்தார். பெட்டி பழத்தைவிடப் பெரிது.

"நீங்க காசாளருக்கு என்ன வேணும்?" என்றார் வழுக்கைத்தலையர்.

"மச்சினன் முறை. நீங்க?"

"தம்பி முறை. அவர் கல்யாணத்துல அவருக்கு ஷூ மாட்டிவிட்டதே நான்தான்."

"அந்த ஷூவை வாங்கிக் குடுத்ததே நான்தான்!"

இருவரும் சுவரில் இருந்த வீட்டுக்காரரின் படத்தைப் பார்த்தார்கள். ஒல்லியான ஓர் ஆள். இடுப்புக்குக் கீழே படம் இல்லாததால் ஷூ விவகாரம் தீராமல் நின்றது.

"காசாளர் குண்டுன்னு சொன்னீங்களேப்பா?" என்று கிசுகிசுத்தாள் மகள்.

"வயசானா இளைக்க மாட்டாங்களா?"

"அந்த அம்மா நம்ம பேரைக்கூடக் கேக்கலையே."

"சொந்தத்துக்குள்ள பேர் எதுக்கு? நீ போய்ப் படி."

வீட்டில் மின்விசிறி உள்ள அறை ஒன்றுதான் காலி. விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனசில்லை. "நெருங்கின சொந்தம் யாரோ அவங்க எடுத்துக்கட்டும்," என்றாள் வீட்டுக்காரி.

"நானும் அத்தானும் ஒரே தட்டுல சாப்பிட்டவங்க!" என்று அடித்துவிட்டார் மீட்டர்காரர். அறை கிடைத்தது. நெருக்கமும் கூடவே வந்தது.

"அப்ப உரிமையோட சொல்றேன் தம்பி. அரிசி தீர்ந்துபோச்சு. அப்படியே எண்ணெய், பருப்பு, முட்டை."

வாங்கி வந்தார்.

"தங்கச்சி, நீயும் நெருங்கின சொந்தம்தானே? வெங்காயத்தை உரிச்சுக் குடு."

மனைவி மொத்த வீட்டுக்கும் வெங்காயம் உரித்தாள். சமைத்ததும் அவளே. வழுக்கைத்தலையர் தூரத்துச் சொந்தம் என்பதால் உட்கார்ந்தபடியே சாப்பிட்டு, உப்பு கொஞ்சம் தூக்கல் என்றார்.

"நாமளே வாங்கி, நாமளே ஆக்கி, அந்த வழுக்கைக்கு நாமளே பரிமாறி... இதுக்கு லாட்ஜே தேவலைங்க," என்றாள் மனைவி.

"உறவுக்கெல்லாம் கணக்குப் பார்ப்பாங்களா?" என்றார், வாழ்நாள் முழுக்கக் கணக்கு மட்டுமே பார்த்த மனிதர்.

பாடுபட்டு வாங்கிய அறையின் மின்விசிறி முனகியது, சுற்றவில்லை. மின்சார அலுவலகத்து ஆள் சும்மா இருப்பாரா? ஸ்டூல் போட்டு ஏறினார். மீட்டர் படிப்பது வேறு, மின்விசிறியைப் பிரிப்பது வேறு என்பது அவருக்கு ஸ்டூலின் மேல்தான் புரிந்தது. பட்டென்று ஒரு சத்தம். மின்விசிறி புகைந்து நின்றது. மூன்று பேரும் புழுக்கத்தில் புரண்டார்கள். விசிறி இல்லாத கூடத்தில் காற்று பிய்த்துக்கொண்டு போனது; வழுக்கைத்தலையர் அங்கே குறட்டை விட்டார்.

காலையில் மகள் சிவந்த கண்களோடு நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பி நின்றாள். வீட்டுக்காரி வாசலை அடைத்தாற்போல் வந்து நின்றாள்.

"தம்பி, ரூமுக்கு மூவாயிரம், சாப்பாட்டுக்கு ஐநூறு."

"எந்த ரூம்?"

"நீங்க ஃபேனை எரிச்சீங்களே, அந்த ரூம். ஃபேனுக்குத் தனியா ஆயிரம்."

மீட்டர்காரருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "மச்சினன்கிட்ட வாடகையா? அத்தான் வரட்டும், கேக்குறேன்! நாங்க ஒரே தட்டுல..."

"நான் ரொம்ப தூரத்துச் சொந்தம்ங்க," என்று வழுக்கைத்தலையர் பையைத் தோளில் மாட்டினார். "நெருக்கம் இவர்தான். எங்களுக்கும் சேர்த்து இவர்கிட்டயே வாங்கிக்குங்க."

"ஷூ மாட்டிவிட்டவன்தானே நீ!" என்று அவர் சட்டையைப் பிடித்தார் மீட்டர்காரர்.

"அப்பா, இன்டர்வியூவுக்கு நேரமாச்சு!" மகளின் குரல் உடைந்தது. அதைக் கேட்டதும் அவர் கை தானாகத் தளர்ந்து, உள்பையிலிருந்து கட்டணப் பணத்தை உருவியது. வெட்கமாக இருந்தது. அதைவிட வெட்கம், மூலையில் மனைவி போனில் பேசிக்கொண்டிருந்தது.

"அண்ணே, நான்தான்... இல்லண்ணே, உன் காசைத் தூசுன்னு இப்ப அவர் சொல்றதில்ல."

அப்போது கேட்டைத் திறந்துகொண்டு படத்தில் இருந்த ஒல்லி மனிதர் உள்ளே வந்தார்.

"அத்தான்!" மீட்டர்காரர் பாய்ந்துபோய் அவர் கையைப் பற்றினார். "என்னைத் தெரியுதா அத்தான்? உங்க வீட்டுல நடக்குற அநியாயத்தைப் பாருங்க!"

ஒல்லி மனிதர் இதெல்லாம் பழகியவர்போல நிதானமாகக் கையை விடுவித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றினார்.

"காசாளர் வீட்டை எங்களுக்கு வித்துட்டுப் போய் ஆறு வருஷம் ஆச்சுங்க. இந்தப் பழைய வீட்டுக்கு இவ்வளவு விலையான்னு கேட்டதுக்கு, 'வருஷா வருஷம் அட்மிஷன் சமயத்துல என் சொந்தக்காரங்க வருவாங்க, அவங்களையும் சேர்த்துத்தான் இந்த விலை'ன்னாரு."