என் பெயரில் நீங்கள் ஆடிய ஆறு வருடங்கள்

மதிப்பிற்குரிய தந்தை மாலக்கி அவர்களுக்கு,

பெரியப்பா மகன் ஃபின்டன் நம் ஊர் கில்டோரனிலிருந்து பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், தங்கள் அண்ணி டிம்ப்னா சுகம், பசுக்கள் சுகம், மழையும் குறைவில்லாமல் பெய்கிறது. ஜாம்பியாவில் தாங்களும் தங்கள் முட்டிவலியும் எப்படி என்று அறிய ஆவல். குருவானவரைத் தம்பி என்று எழுதலாமா என்று டிம்ப்னாவைக் கேட்டேன். "முதல் பக்கம் வரைக்கும் மரியாதையா எழுதுங்க, அதுக்கு மேல உங்களால முடியாது" என்றாள்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐம்பது வருடமாக என் நெஞ்சில் கிடந்த பாரம் போன ஞாயிற்றுக்கிழமை இறங்கிவிட்டது. நம் ஹர்லிங் மட்டைப்பந்து மன்றத்துக்கு நூறு வயதாகிறது, ஊருக்காக மட்டை பிடித்தவர்களில் சிறந்த பதினைந்து பேரைப் பொறுக்கி விருந்து வைக்கிறோம் என்று செயலாளர் மோசி லாஃபன் வீட்டுக்கு வந்து சொன்னான். தடுப்பு வரிசையின் நடுவில் என் பெயர். பெயர்தான் என்னுடையது, ஆடியது தாங்கள். குருமடத்து மாணவன் ஊர் அணிக்கு ஆடக்கூடாது என்று விதி இருந்ததால், தாங்கள் ஞாயிறுதோறும் மதிலேறிக் குதித்து, நம் அப்பாக்கள் நமக்குக் கொடுத்த ஒரே மூக்கின் தைரியத்தில், ஃபின்டன் குயர்க் என்று பெயர் கொடுத்து ஆறு வருடம் ஆடினீர்கள். அறுபத்தேழு இறுதி ஆட்டத்தில் பக்கத்து ஊர் நாக்மோர்காரர்களை மண்ணைக் கவ்வ வைத்தீர்கள், ஊரே என் முதுகில் தட்டியது. ஒன்று கேட்கிறேன் சாமி, என் ஆட்டத்தில் ஒன்றையாவது நான் பார்த்ததுண்டா? ஒரே ஃபின்டன் மைதானத்துக்குள்ளும் வேலியோரமும் நிற்க முடியாது என்று மோசியின் அப்பா ஞாயிறு மதியம் என்னைப் பால் நிலையத்துக் கிடங்கில் விட்டுப் பூட்டிவிடுவார். அவர் வந்து திறந்தால்தான் நான் ஜெயித்தேனா தோற்றேனா என்று எனக்கே தெரியும்.

அதுவாவது போகட்டும். காயம் உனக்கு, கட்டு எனக்கு. உன் விரல் உடைந்தால் திங்கட்கிழமை நான் உடையாத விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு பால் கறக்க வேண்டும். உன் முட்டி போனபோது நான் ஏழு வாரம் நொண்டினேன். நீ நான்காம் வாரமே குருமடத்தில் ஓடிக்கொண்டிருந்தாயாம், ஒரு வரி எழுதியிருக்கலாம். நாக்மோரின் கான் டிவானுடைய முன்பல்லை நீ மட்டையால் பெயர்த்தாய். அவன் நடன மண்டபத்தில் என்னைக் கண்டுபிடித்து ஒன்றுக்கு இரண்டாகப் பெயர்த்தான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். அந்த ஈஸ்டரில் ஆட்டிறைச்சியை எல்லோரும் தின்றார்கள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம்கூட விழுங்கிவிடலாம். விழுங்க முடியாதது டிம்ப்னா விஷயம். அவள் அப்பா ஹர்லிங் பைத்தியம், ஆட்டக்காரனுக்குத்தான் பெண் என்று ஒற்றைக்காலில் நின்றவர். அவளும் அந்த வீரனை நம்பித்தான் கழுத்தை நீட்டினாள் என்று நினைத்தேன். சனிக்கிழமைதோறும் அவள் என் பெயருக்கு வந்த வெற்றிப் பதக்கத்தைத் துடைக்க உட்கார்ந்தால் நான் தொழுவத்துக்குப் போய்விடுவேன். அவளுக்குத் தெரிந்தால் என் முகத்தில் விழிப்பாளா என்ற பயத்திலேயே எனக்குத் தலை நரைத்தது. இப்போது விருந்தில் அறுபத்தேழு அணியின் பழைய புகைப்படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கித் திறக்கப்போகிறார்கள் என்றான் மோசி. மூக்கு ஒன்றுதான், காது வேறு அல்லவா? படம் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மண்டபத்தில் இருநூறு பேர். தட்டில் பன்றித்தொடையும் உருளைக்கிழங்கும் இருந்தன. பெயரைக் கூப்பிட்டதும் போய் மைக்கைப் பிடித்தேன். "நான் ஒரு ஆட்டம்கூட ஆடல. ஆடுனது பூரா என் தம்பி மாலக்கி" என்றேன். மோசிதான் முதலில் பேசினான்.

"தெரியும்ணே. வந்து உக்காருங்க, டீ ஆறுது."

"யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்தான். அந்தக் காலத்துப் பங்குச்சாமியே குருமடத்து மதிலுக்கு வெளிய சைக்கிளோட நின்னு அவரைக் கூட்டிட்டு வருவாராமே."

"அப்ப என்னை எதுக்குய்யா பூட்டி வெச்சீங்க?"

"நீங்க வேலியோரமா நொண்டிட்டு நின்னா ஜனங்க ஆட்டத்தைப் பாக்க மாட்டாங்கன்னு எங்கப்பா சொல்வாரு. ஆடுனது மாலக்கி அண்ணன், அடி வாங்குனது பூரா நீங்க. அதுக்கும் அணியில ஒரு இடம் வேணும்லண்ணே?"

மண்டபமே சிரித்தது. விருந்தாளியாக வந்திருந்த கான் டிவான் மட்டும் சிரிக்கவில்லை.

திரும்பும்போது டிம்ப்னாதான் வண்டி ஓட்டினாள். பாலம் தாண்டியதும் நானே கேட்டேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே. மைதானத்துல அடிபட்டது இடது முட்டி. சாயந்திரம் டான்ஸுக்கு வந்தவரு வலது காலை நொண்டுனாரு."

"பின்ன ஏன் என்னைக் கட்டிக்கிட்ட?"

"இன்னொருத்தன் வலியை ஏழு வாரம் தப்பான கால்ல நொண்டுற மனுஷன், கட்டுனவளை விட்டுட்டா போயிடுவாரு? அப்பாகிட்ட மட்டும் நான் மூச்சு விடல."

"சனிக்கிழமையானா அந்தப் பதக்கத்தைத் தொடைப்பியே."

"நீங்க தொழுவத்துக்கு ஓடுற அழகைப் பாக்கத்தான்."

மாலக்கி, நான் அழுதுவிட்டேன். எனக்காகவே ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டாள் என்பது எழுபது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது. அன்று படுத்தவன் பசுக்கள் கத்தி எழுப்பும்வரை தூங்கினேன்.

வயதில் மூத்தவன் நான் என்பதால் ஆசீர்வாதம் நான் அனுப்ப வேண்டும், குருப்பட்டம் பெற்றவன் நீ என்பதால் நீ அனுப்ப வேண்டும். இரண்டும் வழியில் சந்தித்துக்கொள்ளட்டும். முட்டியைக் குளிரில் காட்டாதே.

இப்படிக்கு,
ஒரு பந்தையும் தொடாத உன் அண்ணன்
ஃபின்டன் குயர்க்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மோசி ஓடி வந்தான். அறுபத்தேழில் ஆள் மாறி ஆடியதால் கோப்பை நாக்மோருக்கே சேர வேண்டும் என்று கான் டிவான் மாவட்டக் குழுவுக்கு ஆட்சேபம் எழுதிப் போட்டுவிட்டானாம். நான் விருந்தில் அப்படி எதுவும் பேசவே இல்லை என்று அவன் நீங்கலாக இருநூறு பேரும் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நானும் போட்டேன். ஆகவே ஆறு வருடமும் ஆடியது நான்தான், உனக்கு மட்டை பிடிக்கவே தெரியாது, இந்தக் கடிதத்தை எரித்துவிடு. ஊர் முழுவதற்கும் மறு தபாலில் பாவமன்னிப்பு அனுப்பு. டிம்ப்னாதான் முதல் சாட்சி. தன் புருஷன் பட்ட அடி ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு மட்டும் மன்னிப்பு வேண்டாமாம். தான் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை என்கிறாள்.