நாகலூர்ப் புழுச்சாமி

தை மாதம் முழுக்க நாகலூர் பஸ்ஸில் நிற்க இடமில்லை. காப்பி பறிக்கக் கூப்பிட்டால் இடுப்பு வலிக்கிறவர்களும் முண்டியடித்து ஏறினார்கள். ஒவ்வொருவர் கையிலும் வயசுக்கு வந்த ஒரு பெண். அவள் ஈறில் ரத்தம். எல்லோரும் போனது புழுச்சாமி கோவிந்தராஜிடம்.

சாமி சேலத்துக்காரர். கீழே எல்லோரும் அவரை அறிந்துகொண்டதால் மலையேறி நாகலூருக்கு வந்துவிட்டார்.

"பொண்ணு சடங்கானா தீட்டு ரத்தம் மேலே ஏறும். அதுல புழு பொறக்கும்" என்பது அவர் கண்டுபிடிப்பு. தணலில் கண்டங்கத்திரி விதையைத் தூவி, பக்கத்தில் தண்ணீர்த் தாம்பாளம் வைத்து, பெண்ணைக் குனியவைத்து எல்லாவற்றையும் கம்பளியால் மூடுவார். உள்ளே புகை, இருமல். வெளியே மந்திரம். கம்பளியை எடுத்தால் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாய்ப் புழு!

ஒரே பத்தியம், பல் துலக்கக் கூடாது. சடங்குக் குடிசையில் இருக்கும் பெண்ணுக்குக் பல் துலக்கக் கரியும் உப்பும் கொடுக்காத வழக்கம் ஏற்கெனவே உண்டு. சாமி அதை மாதக்கணக்கில் நீட்டினார். துலக்காத ஈறு இன்னும் வீங்கியது. "பாத்தீங்களா, புழு பெருகிருச்சு!" நோயை அவரே வளர்த்தார். ஜனங்கள் தட்சணை கொடுத்து வளர்த்தார்கள்.

பாவாயி மகள் ராசாத்திக்கு இரண்டு முறை புழு எடுத்தாயிற்று. அடுத்து சாமி குறடைக் காட்டினார்.

"முன்பல்லு நாலுக்கும் அடியில தாய்ப்புழு இருக்குது. புடுங்கணும். தாய்மாமன் வந்து புள்ளையப் புடிச்சுக்கணும்."

தாய்மாமன் சித்தன், மஞ்சக்குட்டையில் ஜீப் ஓட்டுகிறவர். அக்காவையும் ராசாத்தியையும் முதலில் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனார்.

"இந்த வயசுல உடம்புல சுரக்கறது மாறுமுங்க" என்றாள் நர்ஸ் சாந்தாமேரி. "ஈறுக்கு ரத்த ஓட்டம் கூடும். பல்லோரத்து அழுக்குல சில கிருமிகளுக்கு நொம்ப வசதியாயிரும். அதான் லேசாப் பட்டாலே ரத்தம். பசங்களுக்கும் வருது. ரெண்டு வேளையும் மெதுவா, நல்லாத் தேய் கண்ணு."

பாவாயி ஒப்பவில்லை. "நர்ஸம்மா கிருமியக் கண்ணுல காட்டுச்சா? சாமி புழுவக் காட்டுனாரு தம்பி!"

சித்தன் ஜீப்பைச் சாமி இருக்கும் இடத்துக்குத் திருப்பினார்.

குறடு தயாராக இருந்தது. ராசாத்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏனுங்க சாமி, எனக்கும் ஈறுல ரத்தமுங்க" என்றார் சித்தன். "மொதல்ல எனக்கு எடுங்க."

சாமி கண்ணை மூடித் திறந்தார். "மருமவ தீட்டு மாமனைத் தொத்திருச்சு. குனி!"

கம்பளி, புகை, மந்திரம். தாம்பாளம் நிறையப் புழு. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"எந்தப் பல்லுங்க சாமி?"

"கடவாப்பல்லு எல்லாமே. வேரையே அரிச்சுருச்சு!"

சித்தன் வாய்க்குள் விரலை விட்டார். மேல் வரிசை, கீழ் வரிசை, இரண்டு பல்செட்டையும் கழற்றித் தாம்பாளத்தில் வைத்தார்.

"ஜீப்பு கவுந்தப்பவே அத்தனை பல்லும் போச்சுங்க" என்றார் பொக்கை வாயால். "வேர் எங்கேன்னு காட்டுங்க."

பாவாயி எழுந்தாள். பல்செட்டைத் தம்பி கையில் கொடுத்து, தாம்பாளத்தைக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றினாள். ஒரு பிடி விதையை அள்ளித் தணலில் போட்டு, யாருமே குனியாத தாம்பாளத்தையும் சேர்த்துக் கம்பளியால் மூடினாள். படபடவென்று வெடித்தது. எடுத்துப் பார்த்தால் புழு! வெந்து தெறித்த விதையின் வெள்ளைக் கரு.

"ஏனுங்க சாமி, கம்பளியும் சடங்காயிருச்சுங்களா?" என்றாள்.

சாமி அகப்பட்ட வழியில் ஓடினார். குறடை விட்டுவிட்டுத்தான் ஓடினார். ராசாத்தி தினமும் துலக்கினாள். சில வாரங்களில் ரத்தம் நின்றது. நாலு பல்லும் அவள் வாயிலேயே இருக்கின்றன.

கூட்டம் திருந்தியதா? "இவன் போலிங்க. கிளியூர்ல நெசமான சாமி ஒருத்தரு இருக்காராம்" என்று அன்றே ஒருவர் ஆரம்பித்தார்.

போங்கள், தாராளமாகப் போங்கள். சித்தன் கழற்றி வைத்தது பல்செட்டை. நீங்கள் போகும்போது தலையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகாதீர்கள்.