பதினொரு மணிப் புகை

அன்றைக்கும் பருப்பு வேகவில்லை.

கண்ணுசாமி சாம்பாரிலிருந்து ஒரு பருப்பை எடுத்து நசுக்கிப் பார்த்தார். அது நழுவி இலை ஓரத்துக்கு ஓடியது.

"உப்புத் தண்ணிங்க," என்றாள் மனைவி முத்துமாரியம்மாள். "இந்தத் தெருக் கிணத்துத் தண்ணியில பருப்பு விறைச்சுக்கிட்டுத்தான் நிக்கும்."

"மத்தியானம் கேரியர்ல மட்டும் வெண்ணெயாட்டம் இருக்கே?"

அவள் வாய் திறப்பதற்குள் அவரே காரணம் கண்டுபிடித்துவிட்டார். மூடிய கேரியரில் ஆவி வெளியேற வழியில்லை. கூடைக்காரச் சின்னப்பிள்ளை அதை ஆபீசுக்குச் சுமந்து வரும் வழியெல்லாம் பருப்பு உள்ளுக்குள் வெந்துகொண்டே வருகிறது. முத்துமாரி தலையாட்டி ஒப்புக்கொண்டாள்.

நல்ல தண்ணீர் அவருடைய சொந்த வீட்டுக் கிணற்றில் இருந்தது. அந்த வீடு ஒத்தியில் இருந்தது.

ஒத்தி என்பது ஒரு விசித்திரமான ஏற்பாடு. கடன் வாங்கியவர் வட்டி கட்டுவதில்லை. கடன் கொடுத்தவர் வாடகையில்லாமல் அந்த வீட்டில் குடியிருப்பார். எத்தனை வருடம் போனாலும் வாங்கிய தொகை ஏறாது, இறங்கவும் இறங்காது. கண்ணுசாமி தங்கை கல்யாணத்துக்காக ஆயிரத்தைந்நூறு ரூபாய் வாங்கியிருந்தார். கொடுத்தவர் ஆவூரிலிருந்து அறந்தாங்கிக்கு வந்து சைக்கிள் கடை வைத்திருந்த அடைக்கலம். பத்திரப் பதிவு ஆபீசில் கண்ணுசாமி நகல் எழுதும் குமாஸ்தா என்பதால், தன் வீடு கைமாறிய பத்திரத்தைத் தானே அழகான கையெழுத்தில் நகலெடுக்க வேண்டியதாயிற்று.

வீட்டை விட்டு இறங்கிய அன்று ஒரு சபதம் செய்தார். மீட்டுக் குடிவரும்வரை தானும் மனைவியும் அந்த வாசற்படியை மிதிக்கக் கூடாது. முத்துமாரி சரியென்றாள்.

மூன்று வருடம் ஆயிற்று. ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த வீட்டு ஓட்டுக்கூரை தெரியும். தினமும் பதினொரு மணிக்கு ஓட்டிடுக்கில் புகை கிளம்பும். கண்ணுசாமி பேனாவைக் கீழே வைத்துவிடுவார். தன் அடுப்பில் யாரோ சமைக்கிறார்கள். அந்தப் புகை கலையும்வரை அவருக்குப் பத்திரத்தில் ஒரு வரியும் ஓடாது.

அந்த வருடம் ஊரில் வீட்டடமானக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். பழைய கடனை அடைக்கவே புதுக் கடன் கொடுப்பார்கள். பத்திரம் சங்கத்தில் இருக்கும், நாம் வீட்டில் இருக்கலாம். பத்து வருடத்துக்கு மாதம் பதினேழு ரூபாய். இப்போது கொடுக்கும் வாடகை எட்டு ரூபாய்.

"ஆக, மாசம் ஒம்பது ரூபா கூட. அவ்வளவுதான் விசயம்," என்றார்.

"ஒத்தியில வட்டி ஒண்ணும் ஓடலையே. இது பத்து வருசம் ஓடும். ஒங்க சம்பளம் அறுபத்திரண்டு," என்றாள் முத்துமாரி. "வீடு எங்கிட்டும் போயிறாது. மெதுவாப் பாப்போமே."

கண்ணுசாமிக்கு அது சுருக்கென்றது. பிறந்த வீடல்ல, அதனால் அவளுக்கு ஏக்கம் இல்லை என்று முடிவு செய்துகொண்டார். மறுநாளே மனுக் கொடுத்தார்.

சங்கத்தில் ஒரு சிக்கல் சொன்னார்கள். மனுதாரர் அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும். வீட்டுக்குள் போகப் பணம் வேண்டும்; பணம் வாங்க வீட்டுக்குள் இருக்க வேண்டும். கண்ணுசாமி மூன்று நாள் யோசித்து வழி கண்டார். ஒத்திக்குப் பணம் கொடுத்தவர் வீட்டுக்காரரையே அந்த வீட்டில் வாடகைக்கு வைத்துக்கொள்வது உண்டு. அப்படி வைத்திருப்பதாக அடைக்கலத்திடம் கடிதம் வாங்கிவிட்டார். ஆவூரில் வீடு கட்டப் பணம் தேவைப்பட்ட அடைக்கலமும் சந்தோஷமாக எழுதிக் கொடுத்தார்.

அந்தக் கடிதத்தால் இன்னொரு சிக்கல் வந்தது. நேரில் பார்க்கச் சங்கத்து இன்ஸ்பெக்டர் உடையப்பன் வருவதாகத் தகவல்.

வேறு வழியில்லாமல் சபதம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை அடைக்கலமும் அவர் மனைவி ஆரோக்கியம்மாளும் கோயிலுக்குப் போய்விட, இவர்கள் உள்ளே நுழைந்தார்கள். கண்ணுசாமி மாதா படத்தைக் கழற்றினார். சுவரில் அந்த அளவுக்கு வெள்ளைச் சதுரம் தெரிந்தது. அதை மறைக்க முருகன் படம் மாட்ட ஆணி அடித்தார். காரை ஒரு முறம் அளவு பெயர்ந்தது. அதை மறைக்கத் துண்டைத் தொங்கவிட்டார். துண்டு ஆணியோடு விழுந்தது.

அந்த நேரத்தில் உடையப்பன் வந்துவிட்டார். வெயிலில் நடந்து வந்தவர் தண்ணீர் கேட்டார். கண்ணுசாமி கூடத்து மூலைக்குப் போனார். பானை இருந்த இடத்தில் சைக்கிள் டயர்கள் இருந்தன. அடுப்படிக்குத் திரும்பியவர் கதவு நிலையில் மடேரென்று முட்டிக்கொண்டார்.

அது தாழ்ந்த நிலை. சின்ன வயதிலிருந்து அதற்குக் குனிந்தே வளர்ந்தவர் அவர். வாடகை வீட்டு நிலை உயரம். மூன்று வருடத்தில் உடம்பு மறந்துவிட்டது. நெற்றி வலித்ததைவிட அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

முத்துமாரி பேசிக்கொண்டே அதே நிலைக்குக் குனிந்து போனாள். கதவுக்குப் பின்னாலிருந்து செம்பு, மாடத்திலிருந்து தீப்பெட்டி, மூன்றாவது டப்பாவிலிருந்து சர்க்கரை. பார்க்காமலே கை போயிற்று. ஐந்து நிமிடத்தில் காப்பி வந்துவிட்டது.

உடையப்பன் காப்பியைக் குடித்தபடி கண்ணுசாமியின் நெற்றியைப் பார்த்தார்.

"அம்மா இங்க குடியிருக்காங்க, அதுல சந்தேகமில்லை. நீங்க எங்கிட்டுக் குடியிருக்கீங்க?"

கண்ணுசாமி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அவுக எந்நேரமும் ஆபீசுலயே கிடப்பாகங்க," என்றாள் முத்துமாரி. "ராவுக்கு மட்டும் வந்து பருப்பு வேகலைம்பாக."

"எங்க வீட்டுலயும் இதே கதைதான்," என்று சொல்லி உடையப்பன் கையெழுத்துப் போட்டார். ஒரு மாதத்தில் பணம் வந்துவிடும் என்றார்.

அவர் தலை மறைந்ததும் கண்ணுசாமி கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி இறைத்தார். இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார். கண்ணில் நீர் முட்டியது. ஒரு மாதம்.

"எப்படிம்மா எல்லாம் ஒனக்கு எடம் தெரிஞ்சுது?"

"அடுப்படி எல்லாம் ஒண்ணுதானேங்க," என்றாள் முத்துமாரி, வாளியைப் பார்த்துக்கொண்டு.

கோயிலிலிருந்து ஆரோக்கியம்மாள் திரும்பி வந்தாள். நல்ல செய்தியைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள். முத்துமாரி கண் ஜாடை காட்டியதை அவள் கவனிக்கவில்லை.

"அக்கா, நாளைக்குப் பத்து மணிக்கு வரும்போது பருப்புக் கொண்டாராதீங்க. ஐயா கேரியருக்குன்னு போன வாரம் கொண்டாந்ததே இங்க இன்னும் ஒரு படி கிடக்கு."