சாலையில் அள்ளிய அத்தப்பூ

நாலு வயதுக் குழந்தைகளைச் சாட்சியாக வைத்துக்கொண்டு எந்தக் காரியத்தையும் செய்யக் கூடாது. பெரியவர்கள் என்றால் மிரட்டலாம், கெஞ்சலாம், காபி வாங்கிக் கொடுக்கலாம். எல்கேஜி பிறழ் சாட்சியாக மாறாது.

நான் வசனகவிதை எழுதுகிறவன். அதோடு, என் மனைவி செல்வி நடத்தும் நர்சரிப் பள்ளியின் வேனையும் ஓட்டுகிறேன். (சோறு போடுவது வேன். கவிதை, தொட்டுக்கொள்ள.)

அந்த ஆவணியில் பள்ளிக்கு உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. தென்காசியிலிருந்து செங்கோட்டை போகிற சாலையில் ஒரு பழைய வீடு, அதுதான் பள்ளி. வீட்டுக்கார அண்ணாச்சி ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர். அந்த இடத்தை பேக்கரிக்குக் கொடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். புனலூர்ச் சேட்டன் ஒருவர் வந்து டேப் பிடித்து அளந்துவிட்டும் போயிருந்தார். பிள்ளைகள் மத்தியானம் தூங்குகிற அறையில் அடுப்பு வருமாம். அதைக் கேட்ட நாளிலிருந்து செல்வி சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் பள்ளியில் எந்தப் பண்டிகை வந்தாலும் பிள்ளைகள் கையால் ஏதாவது செய்வார்கள். ரம்ஜானுக்குப் பஞ்சு ஒட்டிய பிறை, கிறிஸ்துமஸுக்குக் கோணல் நட்சத்திரம், பொங்கலுக்குக் களிமண் பானை. அடுத்து ஓணம். செல்வி ஒரு திட்டம் போட்டாள். அண்ணாச்சியைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிடுவது, பிள்ளைகளே போட்ட அத்தப்பூக் கோலத்தைக் காட்டுவது, அந்த ஈரத்தோடு வீட்டு விஷயத்தைப் பேசிவிடுவது.

"பிள்ளைய மூஞ்சியப் பாத்தா மனுசன் கரைஞ்சிருவாவ. நீங்க பூ மட்டும் வாங்கிட்டு வாங்க. ஒரே ஒரு வேலை. கவிதை எழுதாண்டாம். பூ."

முந்தின நாள் சாயங்காலம் பூச்சந்தைக்குப் போனேன். ஓணத்துக்கு எங்கள் பக்கத்துப் பூவெல்லாம் மலையேறிக் கேரளாவுக்குப் போய்விடும். மிச்சமிருந்த கேந்திப் பூவுக்கு விலை கேட்டேன். பூக்காரம்மா சொன்னாள். கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். (வீட்டில், "காலையில் புதுப் பூ வருகிறது" என்றேன். தீர்க்கதரிசி!)

மறுநாள் காலை வேனில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருகிறேன். குற்றாலத்துச் சாரல் ஊர்மேல் சல்லாத்துணி போல விழுந்துகொண்டிருக்கிறது. ஒரு திருப்பத்தில் பார்த்தால், சாலை பூத்திருக்கிறது. தார் தெரியாமல் ரோஜா இதழ்கள். செவ்வந்தி. நனைந்த சம்பங்கி. கண் எட்டும் வரை பூ.

எங்கள் சாலையில் ஓண நேரத்தில் பூ மூட்டை ஏற்றிய வண்டிகள் கேரள எல்லையிலிருக்கும் புளியறைச் சோதனைச்சாவடியைப் பார்த்து வெறிபிடித்து ஓடும். அதில் ஏதோ ஒரு மூட்டை கிழிந்திருக்கிறது! ஊர் உலகத்தில் பொட்டுப் பூ கிடைக்காத நாளில், எனக்காகவே ஒரு சாக்கு வாய் திறந்திருக்கிறது. வேனை ஓரங்கட்டினேன்.

"அள்ளுங்க பிள்ளைகளா!"

அள்ளினோம். சாப்பாட்டுக் கூடைகளில், குடையில், என் துண்டில். சஃபியா முழு ரோஜா மாலை ஒன்றையே இழுத்துக்கொண்டு வந்தாள், ஓரத்தில் ஊதா ரிப்பன் சுற்றிய கனத்த மாலை. மாடசாமி குனிந்தவன் நிமிரவேயில்லை.

"சார், இங்கன பொரியும் கெடக்கு."

"லாரியில பொரி மூட்டையும் இருந்திருக்கும்லே."

(ஆம். இந்த வாயால்தான் சொன்னேன்.) தூரத்தில் மேளச் சத்தம் கேட்டது. ஓணத்துக்கு நம் பக்கத்திலும் மேளம் அடிக்கிறார்களே, எல்லையாவது கோடாவது என்று நெகிழ்ந்து, அதற்கு ஒரு வரியும் மனதுக்குள் எழுதிக்கொண்டேன்.

செல்வி பூவைப் பார்த்து வாய் பிளந்தாள். "இம்புட்டா! யாருட்ட வாங்கினீய?"

"சாலை கொடுத்தது" என்றேன், மலையைப் பார்த்தபடி.

கவிதை ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து, மேற்கொண்டு கேட்காமல் உள்ளே போய்விட்டாள். நான் உண்மை பேசினால் எங்கள் வீட்டில் இதுதான் நிலைமை.

பிள்ளைகள் வாசலில் உட்கார்ந்து வட்டம் வட்டமாகப் பூ நிரப்பினார்கள். ஒருத்தி செவ்வந்தியை எண்ணினாள், ஒருத்தன் இதழை மூக்கில் ஒட்டிக்கொண்டான். நடுவில் அந்த ரோஜா மாலையைச் சுருட்டி வைத்தேன், ஊதா ரிப்பன் வெளியே தெரியும்படி. மாடசாமிதான் மாவேலி ராஜா, ஓணத்துக்கு ஓணம் பாதாளத்திலிருந்து வருகிற மகாபலி. வயிற்றில் தலையணை, பஞ்சு மீசை, அட்டைக் கிரீடம். அம்மாமார்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பேக்கரிச் சேட்டனும் ஓரமாக வந்து நின்றார். அண்ணாச்சி வரச் சொல்லியிருந்தாராம், அட்வான்ஸ் பேச.

அண்ணாச்சி தாமதமாக வந்தார். தலை ஈரம், கண் சிவப்பு. யாரோ வேண்டப்பட்டவர் துக்கத்துக்குப் போய், குளித்துவிட்டு நேரே வருவதாகச் சொன்னார். கோலத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். கரைகிறார் என்று செல்வி எனக்குக் கண்ணைக் காட்டினாள். பிறகு அவர் ராஜாவிடம் குனிந்தார்.

"ஏலே ராசா, எங்கருந்து வாறே?"

"பூமிக்குள்ளருந்து. வருசத்துக்கு ஒரு மட்டம் வருவேன். எனக்குத்தான் பூவு."

"சரி. இந்தப் பூவு எந்தக் கடையில வாங்கினதுலே?"

"வாங்கலை தாத்தா. ரோட்டுல பொறுக்குனோம். பொரியும் கெடந்துச்சு. நான் தின்னுட்டேன்."

ஒரு தலையணை ராஜாவின் வாயிலிருந்து வந்த அந்தச் சொற்கள் வாசலில் விழுந்ததும், அத்தனை செல்போனும் ஒருசேர இறங்கியது. மேளம், பொரி, இதழ், ரிப்பன் எல்லாம் ஒன்றோடொன்று போய் ஒட்டிக்கொண்டன. ஊரில் குழந்தைக்கும் தெரியும், சாலையில் பூவும் பொரியும் எதற்கு இறைபடும் என்று. எனக்குத் தெரியாதா? தெரியும். எத்தனை சவ ஊர்வலத்துக்கு வேனை ஓரங்கட்டியிருக்கிறேன்! ஆனால் அன்றைக்கு என் மூளைக்குள் ஓடியதெல்லாம் பூ லாரி.

அண்ணாச்சி மெல்ல விரலை நீட்டினார்.

"நடுவுல கெடக்கது நான் வாங்குன மாலை. எங்கயும் பூ கெடைக்காம சங்கரன்கோவில் வரைக்கும் ஆள் அனுப்பி வாங்குனேன். போய்ச்சேந்த நம்ம வேலாயுதம் கழுத்துல நான்லா போட்டேன். வண்டியில உக்காந்து நான்லா பிச்சுப் பிச்சு வீசுனேன். இது கைதவறி விழுந்துட்டு."

ராஜா மட்டும் கேட்டான்.

"அப்ப அந்தத் தாத்தாவும் இன்னைக்குத் திரும்பி வருவாராக்கும்?"

அண்ணாச்சி அவனையே பார்த்தார். "வேண்டாம்லே. தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்துட்டு இப்பத்தான் போயிருக்கான். ஒடனே திரும்பி வந்தான்னா அவன் மருமவ தாங்கமாட்டா."

யாரோ ஒரு அம்மா களுக்கென்று சிரித்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார், இன்ஸ்பெக்டராக.

"மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்ணிருங்க."

அதற்குப் பிறகு நடந்தது பிரளயம். மாடசாமியின் அம்மா அவனைக் குழாயடிக்கு இழுத்துப்போய்க் கிரீடத்தோடு வாய் கொப்பளிக்க வைத்தாள். ஓணம் கொண்டாட வந்த மொத்தப் பள்ளிக்கும் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். பஞ்சு மீசை சாக்கடையில் மிதந்து போனது. செல்வி அழவில்லை, திட்டவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு அவள் திட்டியிருக்கலாம்.

அந்தக் களேபரத்தில் பேக்கரிச் சேட்டன் பின்வாங்கிப் பின்வாங்கிக் கேட்டுக்குப் போயிருந்தார். "ஞான் பின்னே வராம்" என்றார். வரவேயில்லை. தொழில் தொடங்கப் போகிற வாசலில் சவப்பூவில் கோலம் போட்டிருந்தால் யார்தான் வருவார்? அடுத்து ஒரு செல்போன் கடைக்காரர் விசாரித்தார், கதையைக் கேட்டார், போய்விட்டார். புளியறை டீக்கடை முதல் கடையநல்லூர் பஸ் ஸ்டாண்டு வரை கதை என் வேனைவிட வேகமாக ஓடியிருந்தது.

மாசக் கடைசியில் அண்ணாச்சியே வந்தார். செல்வியிடம்தான் பேசினார். என்னை அவர் கண்கள் ஒரு தூணைத் தாண்டுவது போலத் தாண்டிப் போயின.

"ஏம்மா, ஒம் புருசன் செஞ்ச வேலையில இந்த வீட்டுக்குப் பேய்கூட வாடகைக்கு வராது. நீங்களே இருந்து தொலைங்க."

இருந்து தொலைக்கிறோம், இன்றுவரை. பிள்ளைகள் அதே அறையில்தான் மத்தியானம் தூங்குகிறார்கள். எங்கள் பள்ளியை என் பூதான் காப்பாற்றியது என்று நான் அவ்வப்போது சொல்லிப் பார்ப்பதுண்டு. வீட்டில் எடுபடுவதில்லை. கல்யாண நாளன்று ஆசையாக மல்லிகைச் சரம் வாங்கி நீட்டினால், செல்வி கையை நீட்டுவதற்கு முன் துக்க முகத்தோடு கேட்கிறாள்:

"யாரு தவறிட்டாவ?"