ஒன்பது காலை

"இந்த விரலோடு என் சமையலறையில் மரக்கறி வெட்டக் கூடாது" என்றான் உணவக முதலாளி. "மாதக் கடைசிக்குள் மாறவேணும். இல்லாவிட்டால் வேறு ஆளைப் போடுவேன்."

தியாகராசாவின் வலது பெருவிரலில் பட்டாணி அளவில் ஒரு மரு. மொன்றியலுக்கு வந்து பத்து மாதமாய்க் கோப்பை கழுவி, இப்போதுதான் மரக்கறிக் கத்தி கிட்ட வந்தது. அதுக்குள் இது. மனிசனுக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி நோரா அயர்லாந்துக்காரி. விரலைப் பார்த்ததும் பின்முற்றத்துக்குக் கூட்டிப்போனாள். மே மாதம், முற்றமெல்லாம் மஞ்சள் பூக் களை. ஒன்றை ஒடித்து, தண்டில் வடிந்த பாலை மருவில் தடவினாள்.

"எங்கள் ஊர் வைத்தியம். ஒன்பது காலை தொடர்ந்து வா."

கூடக் கோப்பை கழுவும் அருமைநாதனிடம் சொன்னான். அவர் முன்பு அதே வீட்டில் குடியிருந்தவர்.

"நல்ல மனிசி. ஆனா சும்மா வாங்கிக்கொண்டு வராதை, தம்பி. மெர்சி சொல்லு."

மூன்றாம் காலை சொன்னான். நோரா தலையில் கைவைத்தாள்.

"நன்றி சொன்னால் மருந்து முறிந்துவிடும். நாளைக்கு முதலிலிருந்து தொடங்கு."

"வாயாலை சொன்னாத்தானே குற்றம்?" என்றார் அருமைநாதன். "வடை சுட்டுக் குடன்."

ஆறாம் காலை வடை போனது. அதுவும் நன்றிதானாம். திரும்பவும் முதலிலிருந்து.

"அப்ப ஒண்டும் குடாதை. மனிசி காணாத நேரத்திலை முற்றத்தைத் துப்புரவாக்கி விடு. பாவம், வயசு போனது."

அது நியாயமாய்ப் பட்டது. எட்டாம் நாள் நோரா மாதா கோயில் பூசைக்குப் போன நேரம் பார்த்து ஒரு களை விடாமல் வேரோடு பிடுங்கினான். திரும்பி வந்த நோரா வெறும் மண்ணைப் பார்த்தபடி நின்றாள். மறுநாள் மாதக் கடைசி.

மருவோடு வேலைக்குப் போனான். முதலாளி கத்தியை அருமைநாதனிடம் கொடுத்தான்.

தியாகராசாவுக்கு அழுகை வந்தது. ஆனாலும் கோபம் வரவில்லை. தனக்காக அண்ணை எவ்வளவு யோசித்தார் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான்.

வாசற்படியில் பற்றிக் என்ற நோராவின் தம்பி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"வேலை யாருக்குப் போனது?"

"அருமைநாதன் அண்ணைக்கு."

"அவனா? கெட்டிக்காரன்" என்றார் பற்றிக். "போன வருஷம் அவன் மருவுக்கும் அக்கா இதே பால்தான் போட்டாள். ஒன்பது காலையும் வாயே திறக்கவில்லை."